மெனுவில் பெயர் மட்டும் இருந்தால் சாப்பாட்டை ஏஐ காட்டுமா?

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்திருக்கிறேன், மெனுவில் பாதிப் பெயர் விளங்கவில்லை, ஏஐ உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். மெனுவைப் போனில் படமெடுத்து ஜெமினியிலோ சட்ஜிபிடியிலோ போட்டு, "இதுக்குள்ள என்ன இருக்கு, உறைக்குமா, மாட்டிறைச்சி சேருமா" என்று தமிழிலேயே கேளுங்கள். சாப்பாட்டைப் படமாக வரையச் சொல்வது பிறகு. ஏஐ வரைவது அந்தக் கடைக் கோப்பையில் வரும் சாப்பாட்டை அல்ல. அந்தப் பெயரில் முன்பு பார்த்த படங்களை வைத்து ஊகித்த ஒன்றை.

லம்பிரைஸ் என்றால் சுலபம்: பறங்கியர் சாப்பாடு, இறைச்சி அவித்த தண்ணீரில் வேகவைத்த சோறு, கறி, கத்தரிக்காய் மோஜு எல்லாம் வாழையிலையில் மடித்துச் சூடாக்கியது. ஓரளவு சரியாக வரும். ஆனால் நான் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் நம்மட ஒடியல் கூழைக் கேட்டபோது வெள்ளைக் கிண்ணத்தில் தக்காளிச் சூப் வந்தது! நண்டு, பயித்தங்காய், பலாக்கொட்டை எதுவுமில்லை. கூழ் குடிக்கும் பனையோலைப் பிளாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதனால் பெயர் தெரிந்தபின் கூகுளில் உண்மையான படங்களையும் ஒருக்கா பாருங்கள். றால் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் பரிமாறும் தம்பியிடமே கேட்டுவிடுங்கள். லம்பிரைஸோடு வரும் பிளாச்சானில் காய்ந்த றால் இருக்கும், படத்தில் தெரியாது.