முதுகு வலியை மறைத்துக்கொண்டு வீடியோ வகுப்பில் உட்காராதீர்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் முடிந்து 7 மாதம் ஆகிறது. இப்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிஸ்ட் வீடியோவில் உடற்பயிற்சி சொல்லித் தருகிறார். எடை தூக்கினால் கை வீங்குமா? செய்யும்போது இதயம் படபடக்கிறது. ரத்த ஓட்டம் கூடினால் புற்றுநோய் பரவும் என்று இணையத்தில் படித்தேன். காலையில் விரல்கள் மடங்குவதில்லை. 3 வாரமாக நடு முதுகில் ஓரிடத்தில் வலி, படுத்தால் கூடுகிறது. வகுப்பை நிறுத்திவிடுவார்களோ என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு செய்கிறேன். தொடரலாமா?

பதில்: நாளைக்கே உங்கள் புற்றுநோய் மருத்துவருக்குப் போன் செய்து அந்த முதுகு வலியைச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் அவரைப் பார்த்தாக வேண்டும். அதுவரை எடை தூக்குவது, குனிவது, உடம்பை முறுக்குவது எதுவும் வேண்டாம். வலி கூடாத அளவுக்குச் சமதரையில் மெதுவாக நடக்கலாம்.

நோய் திரும்பிவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். தசைப் பிடிப்பாக இருக்கலாம். லெட்ரோசோல் எலும்பை மெலிய வைக்கும், அதனால் முதுகெலும்பில் சின்ன முறிவு ஏற்பட்டிருக்கலாம். ஆனால் மார்பகப் புற்றுநோய் வேறிடத்தில் தலைகாட்டும்போது எலும்பைத்தான் அதிகம் தேடிப் போகும். இதில் எது என்பதைப் பரிசோதித்து, ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும்.

உடற்பயிற்சியால் வரும் வலிக்கு ஒரு போக்கு உண்டு. புதிய பயிற்சி செய்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வரும், வேலை செய்த தசை முழுக்க நோகும், நாலைந்து நாளில் தானாக அடங்கிவிடும். உங்கள் வலி ஒரே இடத்தில் மூன்று வாரமாக இருக்கிறது, ஓய்வில் கூடுகிறது. புற்றுநோய் வந்து போன ஒருவருக்கு இப்படி வலித்தால் நாங்கள் சும்மா விடுவதில்லை. இதோடு கால் பலம் குறைவது, நடை தள்ளாடுவது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது, சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ போவது என்று எது சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்திலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கலாம். நடக்கிற நிலையில் சிகிச்சைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் விழுந்த பிறகு வருபவர்களை மீட்பது மிகக் கடினம்.

வலி மாத்திரை விஷயத்தைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. நேரில் என்றால் பிசியோதெரபிஸ்ட் முதுகைத் தொட்டு அழுத்திப் பார்ப்பார், நாற்காலியிலிருந்து எழும்போது நீங்கள் முகம் சுளிப்பதைக் கவனிப்பார். வீடியோவில் அவருக்குக் கிடைப்பது ஒரு சின்னத் திரையும் நீங்கள் சொல்லும் வார்த்தையும்தான். வலியை அடக்கிவிட்டு ‘நல்லா இருக்கேன்’ என்றால், அவர் அடுத்த வாரம் எடையைக் கூட்டத்தான் செய்வார். இனி ஒவ்வொரு வகுப்பும் தொடங்கும் முன், எங்கே வலிக்கிறது, காய்ச்சல் உண்டா, ராத்திரி தூங்க முடிந்ததா, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

சரி, பரவும் என்ற பயத்துக்கு வருவோம். அதற்கு ஆதாரமே கிடையாது. மாடிப்படி ஏறினாலும் ரத்த ஓட்டம் கூடத்தான் செய்கிறது! பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு 3 ஆண்டுகள் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி, மறுபாதிக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். 5 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 100க்கு 80 பேர், இரண்டாவதில் 74 பேர். மார்பகப் புற்றுநோய்க்கும் இதே எண்ணிக்கை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உடம்பை அசைத்தால் பரவும் என்று எழுதுபவர்களை நீங்கள் இனிப் படிக்கத் தேவையில்லை.

நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கை, எடை தூக்கினால் வீங்கும் என்ற எச்சரிக்கையும் பழைய கதை. ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்து நடந்து, 2009இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை கண்காணிப்போடு எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அது திடீரென்று மோசமாவதும் குறைந்தது. சின்ன எடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். சட்டைக் கை இறுகுவது போலிருந்தால் சொல்லுங்கள்.

படபடப்பு இருந்தாலும் பேச முடிகிறது, மார்பு வலியோ மயக்கமோ இல்லை என்றால் சரியான வேகத்தில்தான் செய்கிறீர்கள். விரல் இறுக்கம் பெரும்பாலும் லெட்ரோசோலின் வேலை, அசைக்க அசைக்க இளகும். அதற்காக அந்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தாங்க முடியாவிட்டால் மாற்று மருந்து உண்டு.

ஸ்கேன் முடிவைப் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் அனுப்புங்கள். எலும்பில் ஏதாவது இருந்தாலும் உடற்பயிற்சி அடியோடு நின்றுவிடாது. முதுகை வளைக்காத, விழுந்துவிடும் அபாயமில்லாத பயிற்சிகளாக மாற்றித் தருவார். அப்புறம், இந்த மூன்று வாரத்தில் எந்த வலி மாத்திரையை எத்தனை போட்டீர்கள் என்று எழுதி, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.