1/5 ஆர்சி பெட்ரோல் காருக்கு டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

நிஜக் காரின் ஐந்தில் ஒரு பங்கு அளவில், ரிமோட்டில் ஓடும் பாஜா வகை (கரடுமுரடான தரையில் ஓடும் பந்தயக் கார் வடிவம்) 1/5 காரில் இருக்கும் 26 சிசி டூ ஸ்ட்ரோக்கைக் கழற்றிவிட்டு ஹோண்டா ஜிஎக்ஸ்25 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக்கை மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டலாம். ஆனால் வேகமாக ஓட்டத்தான் கார் என்றால் மாட்டாதீர்கள்.

ஜிஎக்ஸ்25 தருவது 7000 ஆர்பிஎம்மில் சுமார் 1 குதிரைத்திறன். ஏறக்குறைய அதே சிசியில் ஜெனோவா (Zenoah) நிறுவனத்தின் டூ ஸ்ட்ரோக் 10,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுழன்று 2 குதிரைத்திறனுக்கு மேல் தரும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். எடையிலும் ஏறக்குறைய ஒரு கிலோ கூடிவிடும்.

பலரும் கவனிக்காத சிக்கல் கிளட்ச். இந்தக் கார்களின் கிளட்ச் 6000 ஆர்பிஎம்மை ஒட்டித்தான் பிடிக்கும். 7000-லேயே உச்சத் திறனை எட்டிவிடும் எஞ்சினுக்கு அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது? கிளட்ச் வழுக்கிக்கொண்டே சூடேறி, ஷூ (உராயும் கட்டை) தேய்ந்து, பெல் (அதைச் சுற்றியுள்ள உலோகக் கிண்ணம்) நீலம் பாய்ந்துவிடும். கிளட்ச் சீக்கிரமே பிடிக்க மெல்லிய ஸ்பிரிங் போட்டே ஆக வேண்டும். பழைய வேகம் வேண்டுமென்று பெரிய பினியன் (கிளட்ச் பக்கத்துச் சிறு பற்சக்கரம்) போட்டால் இழுவை இன்னும் குறையும்.

பாறையில் மெதுவாக ஏறும் கனமான டிரக், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாத சத்தம், இவைதான் தேவை என்றால் ஃபோர் ஸ்ட்ரோக் அருமையான தேர்வு. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம். ஆனால் கிராங்க் கேஸில் இருப்பது வெறும் 80 மில்லி ஆயில். முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். டேப்பட் (வால்வு) இடைவெளியையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்: இன்டேக் 0.08 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.11 மி.மீ.

டூ ஸ்ட்ரோக்கிலேயே இருப்பதானால் பிஸ்டன் சிலிண்டரில் சிக்கி ஜாம் ஆகாமல் காப்பதுதான் முழு வேலையும். பெட்ரோலும் ஆயிலும் 25:1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி நல்ல டூ-டி ஆயில். தனி கேனில் குலுக்கிக் கலந்த பிறகே டேங்கில் ஊற்றுங்கள். ஆயிலை டேங்கில் நேராக ஊற்றினால் ஆயில் அடியில் தங்கிவிடும்.

அடுத்த எதிரி காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் கருப்பு இன்சுலேட்டர் பிளாக்கின் போல்ட்டுகள் அதிர்வில் தளரும். திராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் இழுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். பலர் அப்போது கார்புரேட்டரின் கலவை ஊசியைத் திருகிக்கொண்டிருப்பார்கள். கசிவு இருக்கும்வரை எந்த டியூனிங்கும் நிற்காது. கேஸ்கெட்டை மாற்றி, திரெட்லாக் தடவி இறுக்குங்கள்.

எஞ்சின் ஏற்கெனவே அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க சைலன்சரைக் கழற்றுங்கள். பிளக்கையும் எடுத்துவிட்டு, எக்ஸாஸ்ட் துளையைப் பிஸ்டன் மறைக்கும்வரை ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்து, டார்ச் அடியுங்கள். பிஸ்டனில் நெட்டுக்குத்தாகக் கீறல்கள் தெரிந்தால் ஆயில் போதவில்லை அல்லது கலவை லீனாக (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) ஓடியிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே கதிதான்.

நம் ஊர் பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் டயாஃபிரத்தை (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) விறைக்க வைக்கும். இரண்டு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓடவிட்டு எடுத்துவையுங்கள்.