ஆலைகள் வந்தாலே ஒரு நகரம் வளர்ந்துவிடுமா?

ஆலை மட்டும் போதாது என்பேன். திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்து மில்களில் இருந்து நூல் வருகிறது. அப்புறம் ஒரு டி-ஷர்ட் உருவாக நிட்டிங், சாயம், கட்டிங், பவர் டேபிள் எனப்படும் மெஷின் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கை மாறுகிறது. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி யூனிட். துணி ரோல் ஏற்றிய டெம்போ தெருவுக்குத் தெரு ஓடுவது அதனால்தான். ஒரு ஆர்டர் வந்தால் டெம்போக்காரர், பட்டன் கடை, அட்டைப்பெட்டி செய்பவர், மெஸ் நடத்துபவர் வரை பணம் போகிறது. நகரத்தை வளர்ப்பது இந்தச் சுழற்சிதான்.

போக்குவரத்தும் அவசியம். சென்னை–கோவை ரயில் பாதை ஊருக்குள்ளேயே போகிறது. பீகார், ஒடிசா தொழிலாளர்கள் வந்து இறங்குவதும் அதில்தான். சரக்கு கன்டெய்னரில் தூத்துக்குடித் துறைமுகம் போய்க் கப்பலேறுகிறது. குறித்த நாளில் சரக்கு ஏறாவிட்டால் வெளிநாட்டு வியாபாரி அடுத்த ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

இந்த வளர்ச்சிக்கு நொய்யல் ஆறு கொடுத்த விலை பெரிது. சாயக்கழிவு கலந்ததால் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் நின்றதும் அதை நம்பியிருந்த மற்ற வேலைகளும் தடுமாறின.