எம்.ஏ. இல்லாமல் அமெரிக்காவில் அரசியல் அறிவியல் பிஎச்.டி.

அமெரிக்காவில் அரசியல் அறிவியல் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்த ஐந்து இடத்திலும் மறுத்துவிட்டார்கள், எம்.ஏ. இல்லாததுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். அது காரணமாக இருக்காது. அங்கே பெரும்பாலான துறைகள் இளங்கலை முடித்தவர்களையே நேரடியாகப் பிஎச்.டி.யில் சேர்க்கின்றன, எம்.ஏ. பல இடங்களில் நடுவழியில் கிடைத்துவிடும்.

நீங்கள் பகிர்ந்த நோக்க அறிக்கைதான் (எதை, ஏன் ஆராய விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) உறுத்துகிறது. "சிறு வயதிலிருந்தே அரசியலில் ஆர்வம்" என்று தொடங்கி, அப்பாவோடு வாக்குச்சாவடிக்குப் போனது வரை முக்கால் பக்கம். பெண்களுக்கான இடஒதுக்கீட்டில் வென்ற ஊராட்சித் தலைவிகள் மறுபடி ஏன் போட்டியிடுவதில்லை என்ற அருமையான கேள்வி கடைசிப் பத்தியில் ஒளிந்து கிடக்கிறது. அதை முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள்.

முதல் பத்தியை மட்டும் ஒரு நண்பரிடம் காட்டுங்கள். எதை ஆராயப் போகிறீர்கள் என்று அவர் சொல்லிவிட்டால் போதும்.

உங்களுடையது மூன்றாண்டுப் பட்டம் என்றால் மட்டும் கவனம்: சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரிலேயே வந்துவிடும்.