கரை அடியில் கசிவு: சிமென்ட் பூசி அடைக்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டம் வாங்கியிருக்கிறோம். பழைய உரிமையாளர் 40 வருடங்களுக்கு முன் ஓடையை மறித்துக் கட்டிய மண் அணை அதில் இருக்கிறது. உயரம் 18 அடி, நீளம் 200 அடி இருக்கும். கரையின் வெளிப்பக்க அடியில், இரும்புக் குழாய் வெளியே வரும் இடத்தருகே எப்போதும் ஈரம். மழைக்குப் பிறகு தண்ணீரே ஓடுகிறது. சிமென்ட் பூசி அடைத்துவிடலாமா? கோடைக்கு ஆகட்டும் என்று, உபரி நீர் வழிந்து வெளியேறும் கலங்கலில் ஒன்றரை அடிக்குப் பலகை அடித்துத் தண்ணீரை உயர்த்தியிருக்கிறோம். கரைமேல் சில்வர் ஓக் மரங்களும் உண்டு. கீழே ஓடையோரம் ஆறேழு வீடுகள் இருக்கின்றன.

பதில்: சிமென்ட் வேண்டாம். அதைவிட அவசரம், அந்தப் பலகைகள். ஐப்பசி மழைக்கு முன் அவை கலங்கலில் இருக்கவே கூடாது. தண்ணீர் பலகையை ஒட்டி நின்றால் ஒரே மூச்சில் பிடுங்கிவிடாதீர்கள். கீழே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, மேல் பலகையில் தொடங்கி ஒவ்வொன்றாக எடுங்கள்.

கல் அணை மேல் வெள்ளம் வழிந்தாலும் தாங்கிக்கொள்ளும். மண் கரை தாங்காது. வழியும் நீர் வெளிச்சரிவை அடியிலிருந்து அரித்துக்கொண்டே மேலேறி, சில மணி நேரத்தில் கரையைப் பிளந்துவிடும். ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ என்ற தனியார் மண் அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேர் இறந்தார்கள். அங்கே வெள்ளம் வெளியேற வேண்டிய கலங்கல் மண் போட்டு மூடப்பட்டிருந்ததாக விசாரணை அறிக்கை சொன்னது. கலங்கலில் பலகை அடிப்பதும் பாதி மூடுவதுதான். பெருமழையில் மரக்கிளையும் சருகும் அதில் வந்து சிக்கினால் மீதியும் அடைந்துபோகும். கலங்கல் முழு அகலத்துக்கும் திறந்திருக்கட்டும். நீர் அதில் வழியத் தொடங்கும் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் குறைந்தது மூன்றடி இடைவெளி இருக்கட்டும். உச்சியில் எங்காவது பள்ளம் விழுந்திருந்தால், அந்த இடத்தின் உயரத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

சரி, கசிவுக்கு வருவோம். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தண்ணீரோடு மண்ணும் வருகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு கண்ணாடி பாட்டிலில் கசிவு நீரைப் பிடித்து இரவு முழுக்க ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது என்று பொருள். உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். தெளிவாக இருந்தால், ஒரு சிறு வாய்க்கால் வெட்டிக் கசிவை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, ஒரு வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். நீர்மட்டம் கூடாமலே கசிவு கூடினால் அது கெட்ட அறிகுறி.

வெளியே வரும் வாயைச் சிமென்டால் அடைத்தால் தண்ணீர் நிற்காது. கரைக்குள்ளேயே தேங்கி, அழுத்தம் ஏறி, வெளிச்சரிவை ஊறவைத்துச் சரியவிடும்; இல்லையென்றால் வேறு வழி பிடிக்கும். செய்ய வேண்டியது நேர்மாறான வேலை: தண்ணீரை விடுங்கள், மண்ணைப் பிடித்து வையுங்கள். ஈரமான இடத்தில் முதலில் கழுவிய மணல், அதன்மேல் அரை இன்ச் ஜல்லி, அதற்கும் மேல் கருங்கல். இந்த வரிசை மாறக் கூடாது. மணலின் அளவும் தடிமனும் உங்கள் கரை மண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

குழாய் எனக்குப் பெரிய சந்தேகம். கேட் வால்வு வெளிப்பக்கம் மட்டும் இருக்கிறதா, பாருங்கள். அப்படியென்றால் குழாய் எந்நேரமும் கரைக்குள் அழுத்தத்தோடு நிறைந்து நிற்கிறது. 40 வருட இரும்பில் துருப்பிடித்து ஒரு ஓட்டை விழுந்தால் போதும், தண்ணீர் கரை மண்ணுக்குள் பீய்ச்சி அடிக்கும். நீரை அடைக்கும் ஏற்பாடு ஏரிப்பக்கம் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாவிட்டாலும் குழாயை ஒட்டிய மண் சரியாக இறுகியிருக்காது. கசிவு அந்த ஓரத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

மரங்களை வெட்டிவிட்டு வேரை விட்டுவைப்பது தீர்வாகாது. வேர் மக்கினால் அந்த இடமே தண்ணீருக்குப் பாதை. கன்றுகளை இப்போதே பிடுங்குங்கள். பெரிய மரங்களை நீர் வற்றிய கோடையில் வேரோடு எடுத்து, குழியில் களிமண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி இடித்து இறுக்குங்கள். எலி வளை, நண்டு வளை, கரையான் புற்றுக்கும் இதே வைத்தியம். இதற்காக ஏரியை வடிக்கும்போது ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் இறக்காதீர்கள். வேகமாக இறக்கினால் ஊறிய உட்சரிவு சரிந்து விழும்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையானவற்றுக்கும்தான். உங்கள் அணை அதில் வராது. அந்தச் சட்டப்படி யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள். உடைந்தால் பொறுப்பு மட்டும் உங்களுடையது. கார்வேட்டிநகர ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில்பாதை சேதமான வழக்கில், 1874-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விடுவித்தது உண்மைதான். ஆனால் அவை ஊர்ப் பாசனத்துக்கான பழைய ஏரிகள், அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை, கவனக்குறைவும் நிரூபணமாகவில்லை. சொந்தத் தோட்டத்துக்கான அணையில், கசிவு தெரிந்தும் பலகை அடித்தவர் அந்தத் தீர்ப்பை நம்பியிருக்க முடியாது.

கீழே இருக்கும் எல்லா வீட்டுத் தொலைபேசி எண்களையும் வாங்கி, தோட்டக் காவலர் கையில் கொடுத்து வையுங்கள். கசிவு நீர் மண் கலந்து வந்தாலோ, கரை உச்சியில் நீளவாக்கில் வெடிப்பு கண்டாலோ, நீர் உச்சியை நெருங்கினாலோ முதல் போன் அவர்களுக்கு, இரவு இரண்டு மணியானாலும் சரி. அடுத்தது 1077, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. அந்த நேரத்தில் யாரையும் மண்வெட்டியோடு கரைமேல் ஏற்றாதீர்கள்.