நெஞ்செலும்பைப் பிளக்காத பைபாஸ்

இதய நலம்: வாசகர் கேள்வி – பதில்
(ரோபோ அறுவை சிகிச்சை பற்றி வந்த கடிதங்களுக்கு இதய அறுவை சிகிச்சை மருத்துவக் குழுவின் பதில்கள்)

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு என்று சொல்லி பைபாஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "நெஞ்சைப் பிளப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்" என்று பிடிவாதமாக இருக்கிறார். ரோபோவில் செய்தால் பிளக்க வேண்டாம், சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார்களே?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: ரோபோவா, திறந்த அறுவையா என்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அப்பாவுக்கு எத்தனை இடத்தில் ஒட்டு (அடைப்பைத் தாண்டி ரத்தம் போகத் தைக்கும் மாற்றுக் குழாய்) போட வேண்டும், எந்தெந்தக் குழாயில் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தவை.

ரோபோ பைபாஸில் நடப்பது இதுதான். இடது நுரையீரலைக் காற்றில்லாமல் சுருக்கி வைப்பார்கள். மூச்சுக்குழாயில் போடும் இரட்டைக் குழல் மூலம் வலது நுரையீரல் மட்டும் இயங்கும். இடது விலா இடுக்குகளில் ஏறக்குறைய 8 மி.மீ. அகலத்தில் மூன்று துளைகள்: ஒன்றில் கேமரா, இரண்டில் கருவிகள். உள்ளே கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்குவார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் 'லிமா' என்ற இடது மார்பு நாளத்தை ரோபோ கைகளால் பிரித்து எடுப்பார்கள். பிறகு பல மையங்களில் ரோபோவை ஒதுக்கிவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே 4 முதல் 6 செ.மீ. கீறி, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் முன்பக்கக் குழாயில் (எல்.ஏ.டி.) அந்த நாளத்தைக் கையாலேயே தைக்கிறார்கள். தையல் உட்பட எல்லாவற்றையும் துளை வழியாகவே முடிப்பது இன்னொரு வகை. அதைச் செய்பவர்கள் மிகச் சிலர். ஆகவே "ரோபோ பைபாஸ்" என்று சொன்னால், "நாளம் எடுக்க மட்டுமா, தையலுக்கும் ரோபோவா?" என்று கேளுங்கள். இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன.

இந்த முறை நன்றாகப் பொருந்துவது முன்பக்கக் குழாய் ஒன்றில் மட்டும் அடைப்பு உள்ளவருக்கு. லிமா ஒட்டு 10 ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரையில் கணிசமானவை அதற்குள் அடைபட்டுவிடும். அந்த நல்ல ஒட்டை எலும்பைப் பிளக்காமல் போட முடிவதுதான் ரோபோவின் நிஜமான லாபம்.

மூன்று குழாய் அடைப்பு என்னும்போது, முன்பக்கத்துக்கு ரோபோ ஒட்டு, மற்ற இரண்டுக்கு ஸ்டென்ட் என்று கலந்து செய்வதும் உண்டு. உங்கள் அப்பா விஷயத்தில் இங்குதான் நிதானிக்க வேண்டும். சர்க்கரையோடு பல குழாய் அடைப்பும் உள்ளவர்களுக்கு ஸ்டென்ட்டை விட முழு பைபாஸே ஆயுளைக் கூட்டுகிறது, மாரடைப்பைக் குறைக்கிறது என்று 2012-இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. நீண்ட நாள் சர்க்கரையில் குழாய் நெடுகச் சுண்ணாம்பு படிந்து சிறுத்திருந்தால், மூன்று இடத்திலும் ஒட்டுப் போட நெஞ்சைத் திறப்பதுதான் முறையான வழியாக இருக்கும். சின்னத் தழும்புக்காக மூன்று ஒட்டு போட வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்துவது நஷ்ட வியாபாரம். அப்பாவின் பயம் எலும்பைப் பற்றித்தான் என்றால், பிளந்த எலும்பை எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டுவார்கள், பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் கூடிவிடும் என்று சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் குறைப்பது அந்தக் காயம் ஆற மிகவும் உதவும்.

கேள்வி: மெஷினே ஆபரேஷன் செய்யுமா? நடுவில் கரண்டு போய்விட்டால்? எங்களை வைத்துப் பரிசோதனை செய்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, அலங்காநல்லூர்

பதில்: மெஷின் தானாக ஒரு தையலும் போடாது. நாலைந்து அடி தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் விரல் அசைவைத்தான் அது உள்ளே செய்கிறது. டாவின்சி என்ற ரோபோ கருவியில் அவர் முகத்தைக் காட்சிப் பெட்டியிலிருந்து எடுத்த கணமே கைகள் அப்படியே உறைந்துவிடும். அவர் விரலை 3 செ.மீ. நகர்த்தினால் உள்ளே 1 செ.மீ. மட்டும் நகரும்படி வைக்கலாம். கை நடுக்கத்தை வடிகட்டிவிடும். குறை என்னவென்றால், பல மாடல்களில் தொடு உணர்வு கிடையாது. நூலை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட வேண்டும். கை பழகாதவர் இழுத்தால் நூல் அறும், நாளம் கிழியும். அனுபவ எண்ணிக்கையைப் பற்றி நாங்கள் விடாமல் கேட்கச் சொல்வது இதனால்தான்.

கரண்டு போனால் மருத்துவமனை ஜெனரேட்டர், யு.பி.எஸ். தவிர, ரோபோ வண்டிக்குள்ளேயே பேட்டரி உண்டு. அதுவும் போனாலும் நோயாளி பக்கத்தில் கையுறையோடு நிற்கும் இரண்டாவது மருத்துவர், கருவியின் பிடியைச் சாவி போட்டுத் திறந்து வெளியே எடுத்துவிடுவார். வால்வு ஆபரேஷனில் இதயத்துக்குப் பதிலாக உடலுக்கு ரத்தம் அனுப்பும் இதய-நுரையீரல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், அதைக் கைப்பிடி போட்டுச் சுற்றியும் ஓட்டலாம். பழைய கிணற்று ராட்டினம் மாதிரிதான்.

பரிசோதனை அல்ல. 1998-இல் பாரீஸில் அலைன் கார்பான்டியே ரோபோ உதவியுடன் மைட்ரல் வால்வை (இதயத்தின் இடது மேல், கீழ் அறைகளுக்கு நடுவே உள்ளது) சரிசெய்தார். அமெரிக்காவில் 2002-இல் மைட்ரல் வால்வுக்கும், 2004-இல் பைபாஸுக்கும் அனுமதி வந்தது. இப்போது குருகிராமில் எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா என்ற இந்தியக் கருவியும் தயாராகிறது. தொழில்நுட்பம் பழையதுதான். உங்கள் ஊரில் வாங்கி வைத்தது நேற்றா, ஐந்து வருடம் முன்பா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: வால்வு ஆபரேஷனை ரோபோவில் செய்யலாம் என்றார்கள். பிறகு தொடை வரை சி.டி. எடுத்துவிட்டு, "உங்களுக்குச் சரிவராது" என்று அனுப்பிவிட்டார்கள். இதயத்துக்கும் தொடைக்கும் என்ன சம்பந்தம்? இளமையில் டி.பி.க்கு மருந்து சாப்பிட்டதையும் காரணமாகச் சொன்னார்கள்.
– வாசகர், மேலூர்

பதில்: நெஞ்சைத் திறக்காததால், இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு ரத்தத்தை எடுக்கவும் திருப்பி அனுப்பவும் வேண்டிய குழாய்களை இடுப்புக் கவட்டையில் உள்ள தமனி, சிரை வழியாகச் செருகுவார்கள். ரத்தம் கீழிருந்து மேலே பாயும். தொடை நாளத்திலோ, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய நாளமான மகாதமனியிலோ சுண்ணாம்புப் படிவு, கொழுப்புக் கட்டி இருந்தால் அந்தப் பாய்ச்சலில் அவை பெயர்ந்து மூளைக்குப் போகலாம். நாளச் சுவர் உரிந்து பிளக்கவும் செய்யலாம். கால் மரத்துப்போவதும் நடந்திருக்கிறது. சி.டி. எடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றால் அது நல்ல இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி. எடுக்காமலே தேதி கொடுப்பவரிடம்தான் யோசிக்க வேண்டும். (சி.டி.க்காக ஊசியில் ஏற்றும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. முன்பே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.)

டி.பி. ஆறிய இடத்தில் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுருக்க முடியாது. பிய்த்து எடுத்தால் ரத்தமும் காற்றும் கசியும். ஆஸ்துமாவோ பீடிப் பழக்கத்தால் வந்த நுரையீரல் கோளாறோ கடுமையாக இருந்தால், ஒற்றை நுரையீரலில் பல மணி நேரம் தாங்காது. முன்பே நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர், அதிக உடல் பருமன் உள்ளவர், மகாதமனி வால்வில் நல்ல கசிவு உள்ளவர் ஆகியோருக்கும் பெரும்பாலும் இதே பதில்தான். திறந்த முறையில் உங்கள் வால்வைச் சரிசெய்ய இவை எதுவும் தடை இல்லை.

கேள்வி: என் தங்கைக்கு 23 வயது. இதயத்தில் ஓட்டை. நெஞ்சில் தழும்பு விழுந்தால் வரன் அமையாது என்று வீட்டில் தள்ளிப் போடுகிறார்கள். ரோபோவில் தழும்பே இருக்காதாமே?
– வாசகி, சோழவந்தான்

பதில்: தழும்பு இருக்கும். வலது மார்பகத்துக்குக் கீழே மடிப்பில் 4, 5 செ.மீ., பக்கவாட்டில் இரண்டு மூன்று சிறு துளைகள், கவட்டையில் ஒன்று. ஆடையில் தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் ரோபோவுக்கும் முன்பு விசாரிக்க வேண்டிய வழி ஒன்று உண்டு. மேல் அறைச் சுவரின் நடுவில் ஓட்டை இருந்து, சுற்றிலும் போதிய விளிம்பும் இருந்தால், தொடை வழியாகவே குடை போன்ற கருவியை வைத்து அடைத்துவிடலாம். ஆபரேஷனே தேவைப்படாது. உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோவில் இது தெரிந்துவிடும். விளிம்பு இல்லாதபோது, அல்லது ஓட்டை மேல் ஓரத்திலோ வால்வை ஒட்டியோ இருக்கும்போதுதான் அறுவை. தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறி, இனிமேல் மூடவே முடியாது என்ற கட்டத்துக்குப் போனவர்களுக்குக் கர்ப்பம் உயிருக்கே ஆபத்தாக முடியும். வரன் பார்க்கிறவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தேதி கொடுத்துவிட்டார்கள். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது?
– வாசகர், திருமங்கலம்

பதில்: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளுக்குப் பொதுவான கணக்கு: குளோபிடோகிரெல் 5 நாள், டிகாக்ரிலார் 3 முதல் 5 நாள், பிரசுகிரெல் 7 நாள், வார்ஃபரின் 5 நாள் முன்பு நிறுத்துவார்கள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். பலர் மறப்பது சர்க்கரைக்குச் சாப்பிடும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை. இதை 3 நாள் முன்பே நிறுத்தாவிட்டால், சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர் எதையும் தானாக நிறுத்தவே கூடாது. மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு, நாட்டு மருந்து, பூண்டு மாத்திரை உட்பட, மயக்க மருத்துவர் முன் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: காப்பீட்டில் கிடைக்குமா? தனியாரில் ரோபோவுக்கு என்று கூடுதலாகக் கேட்கிறார்கள்.
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: கூடுதல் ஏன் என்றால், கருவி நுனிகளுக்கு இத்தனை முறைதான் என்ற கணக்கு உண்டு. அந்த எண்ணிக்கை முடிந்ததும் ரோபோவே அதை ஏற்காது. அந்தச் செலவு பில்லில் ஏறும்.

தனியார் பாலிசியில் ரோபோ அறுவையை மறுக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் நவீன சிகிச்சைகள் பன்னிரண்டைப் பட்டியலிட்டது. ஆனால் உச்சவரம்பு போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. ஐந்து லட்சம் பாலிசியில் ரோபோவுக்கு அதில் ஒரு பகுதிதான் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 'நவீன சிகிச்சை' என்ற தலைப்பைத் தேடிப் படித்துவிட்டு, முன் அனுமதிக் கடிதத்தில் தொகை வந்த பிறகு சேருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பைபாஸ், வால்வு ஆபரேஷன்கள் அதில் வரும். ரோபோவுக்கான கூடுதல் தொகை அடங்குமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுன்டரில் எழுத்தில் வாங்குங்கள். கடன் வாங்கித்தான் ரோபோ என்றால் எங்கள் கருத்து: வேண்டாம். மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து போடும் லிமா ஒட்டும் அதே லிமா ஒட்டுதான்.

கேள்வி: ரோபோ ஆபரேஷன் முடிந்து வந்திருக்கும் என் மனைவி எப்போது தண்ணீர்க் குடம் தூக்கலாம்? நான் டி.வி.எஸ். எக்ஸெல்லில் உட்கார வைத்து அழைத்துப் போகலாமா? விலாவில் வலி அதிகம் என்கிறார்.
– வாசகர், செக்கானூரணி

பதில்: நெஞ்செலும்பு பிளந்திருந்தால் நிறைகுடத்தை 12 வாரத்துக்குத் தொடவே கூடாது. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ. ரோபோ முறையில் எலும்பு முழுதாக இருப்பதால் காயம் நன்றாக ஆறியிருந்தால் 4 வாரத்துக்குப் பிறகு பாதிக் குடத்திலிருந்து தொடங்கலாம். இடுப்பில் வைக்க வேண்டாம், கவட்டைக் காயம் அழுந்தும். வண்டியில் பின்னால் உட்காருவது 2, 3 வாரத்தில் முடியும். வேகத்தடையில் மெதுவாகப் போங்கள். கவட்டை ஆறும்வரை மேல்நாட்டுக் கழிப்பறை நல்லது. அங்கே தெளிந்த நீர் போல ஊறினால் நிணநீர்க் கசிவு. தானே நிற்கட்டும் என்று விடாமல் காட்டுங்கள்.

விலா வலி எதிர்பார்ப்பதுதான். இரண்டு விலாவுக்கு நடுவே விரித்த இடத்தில் நரம்பு அழுந்தியிருக்கும். முதல் சில நாள் திறந்த முறையை விடவும் அதிகமாக வலிக்கலாம். அதற்காக மாத்திரையைத் தவிர்த்து, வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால், சுருக்கி வைத்திருந்த நுரையீரல் விரியாமல் சளி கட்டிக் காய்ச்சல் வரும். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி கொடுத்திருப்பார்களே, பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்தைத் தூக்கி 2, 3 நொடி நிறுத்தி, விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை.

படபடப்பு வந்து நாடி தாறுமாறாக ஓடினால், மூச்சு திடீரென்று அதிகம் வாங்கினால், ஒரு பக்கக் கால் சில்லிட்டு வெளுத்தால், அடுத்த புறநோயாளி நாள் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: சென்னையில் உட்கார்ந்துகொண்டே மதுரையில் உள்ளவருக்கு ஆபரேஷன் செய்ய முடியுமா?
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: 2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல் காந்திநகரில் உட்கார்ந்து, 32 கி.மீ. தள்ளி அகமதாபாத்தில் படுத்திருந்தவருக்கு ரோபோ மூலம் ஸ்டென்ட் வைத்தார். ஆகவே முடியும். ஆனால் இணைப்பு அறுந்தால் அந்த நிமிடமே கையால் தொடர, நோயாளி பக்கத்தில் முழுப் பயிற்சி பெற்ற இன்னொரு குழு நின்றாக வேண்டும். அந்தக் குழு மதுரையிலேயே இருக்கும்போது, அவர்களிடமே செய்துகொள்ளலாமே!