சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்த கரைவலை

அன்புள்ள அம்மா,

சென்ற வியாழக்கிழமை நீங்கள் என் மேசையில் வைத்துவிட்டுப் போன சப்பாத்துப் பெட்டியை அன்றிரவே திறந்தேன். அண்ணன் பிள்ளைகள் இருவரும் நானும் பாய் விரித்து உட்கார்ந்து, உங்கள் மகன் தானே உருவாக்கிய ஆட்டத்துக்காகக் கைப்பட வெட்டிய 54 அட்டைகளையும் பரப்பி விளையாடினோம். இரண்டு கூட்டமும் கயிற்றை ஒரே வேகத்தில் இழுக்காவிட்டால் வலை கோணிப்போய் மீன் தப்பிவிடும் என்று ஒரு விதி வைத்திருக்கிறான். கடலில் வளைத்துப் போட்ட வலையை இரு கூட்டமாகக் கரையில் நின்று இழுப்பதுதான் கரைவலை. விடியற்காலையில் உப்புவெளிக் கரையில் நின்று அதைக் கண்கொட்டாமல் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்த விதி தோன்றும்.

"உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அறைக்குள் இருந்து அட்டை வெட்டுகிறானே, இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று கேட்டீர்கள். எழுந்து போகும் அவசரத்தில் இருந்த உங்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. திருகோணமலையில் இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

தொழில்தான். ஆனால் தனியாளாக மேசை விளையாட்டு உருவாக்கி, அந்த வருமானத்தில் மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் எந்த நாட்டிலும் சிலரே. இதை மகனிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அதே நேரம், ஓர் ஆட்டத்தைத் தொடங்கி முடிப்பது பெரிய காரியம். அதை அவன் செய்துவிட்டான். முன்பின் தெரியாத ஒருவர் அதைக் கண்டு, நம்பி, காசு கொடுத்து எடுப்பதற்கான அடையாளம்தான் இன்னும் அவனிடம் இல்லை. பிராண்ட் என்று அவன் உங்களிடம் ஓயாமல் சொல்வது இதைத்தான். அது வீண் பகட்டு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படியில்லை, அம்மா.

மத்திய வீதியில் சேலை எடுக்கப் போகிறீர்கள். கடைக்காரரை உங்களுக்குத் தெரியும், சாயம் போனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரியும். அவன் ஆட்டத்தை விற்க நினைக்கும் இணையச் சந்தையில் அப்படி இல்லை. போலந்திலோ பிரேசிலிலோ இருக்கும் ஒருவர் உங்கள் மகனின் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அவன் வைத்த பெயரும், ஒரு முகப்புப் படமும், நான்கைந்து வரி விளக்கமுமே அவருக்குத் தெரிகிற முகம். அந்த முகம் இரண்டாவது முறை எதிர்ப்படும்போது, "இவரை எனக்குத் தெரியுமே" என்று அவருக்குத் தோன்ற வேண்டும். இவ்வளவுக்காகத்தான் இத்தனை பாடு.

பெயரில் தொடங்குகிறேன். பெட்டி மூடியில் மூன்று பெயர்களை எழுதி வைத்திருக்கிறான். மூன்றும் ஆங்கிலம், மூன்றிலும் இருளும் கடலும் புராணமும். இப்படிப்பட்ட பெயர்கள் அந்தச் சந்தைகளில் மலிந்து கிடக்கின்றன. அவன் ஆட்டம் அவற்றோடு சேர்ந்து மூழ்கிவிடும். ஆட்டத்துக்குக் "கரைவலை" என்றே வைக்கலாம் என்பது என் எண்ணம். அந்தச் சொல்லுக்குள் வேலையும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது, ழகரமும் இல்லை. வெளிநாட்டார் நாக்கில் ழகரம் படும் பாட்டை நினைத்துத்தான் அதையும் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று இன்றே ஒரு முடிவு எடுக்க வேண்டும். இன்று ஓர் எழுத்துக்கூட்டல், அடுத்த மாதம் இன்னொன்று என்று போனால் தேடுகிறவர் கண்டுபிடிக்க மாட்டார். பிறகு போர்ட்கேம்கீக் என்ற தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கட்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து பலகை விளையாட்டுகளைப் பட்டியலிட்டு வரும் பெருங்களஞ்சியம் அது. அங்கே யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை என்றால் துணிந்து வைக்கலாம்.

பலர் தவறவிடும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. ஆட்டத்தின் பெயர் வேறு, ஆக்குபவனின் பெயர் வேறு. கரைவலை ஓர் ஆட்டம். நாளைக்கு இன்னொன்று செய்வான், அதற்கு வேறு பெயர் வரும். இரண்டையும் ஒருவரே செய்தார் என்று சொல்லும் பெயரும் சிறிய இலச்சினையும் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே மூலையில், ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில் நிற்க வேண்டும். நம்பிக்கை சேர்வது அந்தப் பெயரில்தான். ஊர்ப் பெயரை மட்டும் தனியே வைக்க வேண்டாம், அதை யாரும் பாவிக்கலாம். கோணேசர் கோயிலையும் இலச்சினையாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பலர் தொழும் இடத்தை விற்பனை முத்திரையாக்கினால் நம் ஊரிலேயே மனம் நோகும். அவன் கரைவலையைத்தான் நன்றாக அறிந்தவன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும், பங்கு பிரிப்பும், வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டும் அவன் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை. அவற்றிலிருந்து எடுக்கட்டும்.

அடுத்து முகப்புப் படம். இட்ச்.ஐஓ என்ற இணையச் சந்தை 630 புள்ளி (பிக்சல்) அகலமும் 500 புள்ளி உயரமும் கொண்ட படத்தைக் கேட்கிறது. பட்டியலில் அது தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கித் தெரியும். அதற்குள் படகு, வலை, பத்து மீன், சூரியன், மூன்று வரி எழுத்து எல்லாவற்றையும் அடைத்திருக்கிறான். இதற்குச் சரியான பரிசோதகர் நீங்கள்தான், அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கைத்தொலைபேசியைக் கை எட்டும் தூரத்தில் பிடியுங்கள். என்ன ஆட்டம் என்று உங்களுக்குப் புரியவில்லை என்றால் வாங்குகிறவருக்கும் புரியாது. என்னைக் கேட்டால் வளைந்த வலைக்கோடும், அதன் இரு நுனியிலும் இழுக்கும் கைகளும் போதும்.

விளக்கத்தில் முதலில் வர வேண்டியது எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த வயது என்பது. பிறகு ஆட்டத்தில் கை என்ன செய்யும் என்று ஒரு வரி. "அற்புதமான", "இதுவரை கண்டிராத" போன்ற சொற்கள் எதுவும் வேண்டாம்.

எழுத்துருவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பக்கத்துப் பிள்ளைகள் இதில்தான் இடறுகிறார்கள். தமிழ் அட்டைகளை அவன் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறான். அச்சகத்துக்கு அது பழக்கம். ஆனால் அதை இணையத்தில் இட்டால் தேடலில் அகப்படாது, பிரதி எடுத்தால் குழம்பிய ஆங்கில எழுத்தாக வரும். எல்லாக் கருவிகளும் தமிழாகவே வாசிக்கும் யுனிகோட் முறைக்கு மாறட்டும். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இலவசம், விற்பனைக்குரிய ஆக்கங்களிலும் பாவிக்கலாம். வேறு எழுத்துரு பிடித்திருந்தால் அதன் உரிமத்தை முதலில் வாசிக்க வேண்டும்.

இனி, நீங்கள் பயந்த செலவு. பல வருடங்களுக்கு முன் இன்னொரு மாணவனுக்கு, முதலில் முந்நூறு பெட்டி அச்சடித்து வைத்துக்கொள் என்று யோசனை சொன்னேன். முக்கால்வாசி அவன் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அந்தப் பிள்ளையின் தந்தை போட்ட காசு இன்றும் என் மனத்தை அறுக்கிறது. ஆகவே உங்கள் மகனுக்கு அச்சகம் இப்போது வேண்டாம். வாங்குகிறவரே வீட்டில் அச்சிட்டு வெட்டும்படி பிடிஎப் கோப்பாக விற்கலாம். 63 மில்லிமீற்றர் அகலமும் 88 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட அட்டைகள் ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். 54 அட்டைக்கு ஆறு தாள். அமெரிக்கத் தாள் நம்முடையதைவிட 18 மில்லிமீற்றர் குட்டை என்பதால் அதற்கும் ஒரு கோப்பு வைக்க வேண்டும். தன்னையும் நினைத்திருக்கிறார்கள் என்று வாங்குகிறவர் அதில்தான் உணர்வார். பெட்டியாக வேண்டும் என்பவர்களுக்குக் கேட்ட பிறகு ஒன்றொன்றாக அச்சிட்டு அனுப்பும் தி கேம் கிராஃப்டர் போன்ற நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அதைப் பின்னர் பார்க்கலாம்.

இட்ச்.ஐஓவில் விற்பனையில் தளத்துக்குரிய பங்கை விற்பவரே தீர்மானிக்கலாம். நாம் மாற்றாவிட்டால் 10 சதவீதம். பணம் வந்து சேரும் வழியைக் கடையைத் திறப்பதற்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும். பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக இலங்கையில் பணம் பெறுவது நெடுங்காலமாகத் தடைப்பட்ட விடயம். பேயோனியர் என்ற இன்னொரு சேவை இங்கே இயங்குகிறது. இட்ச்.ஐஓ அதன் வழியாகப் பணம் அனுப்புகிறதா என்று அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும். கிக்ஸ்டார்ட்டர் என்ற தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டலாம் என்று அவன் சொன்னதாகக் கூறினீர்கள். இலங்கையில் இருப்பவர் அங்கே திட்டம் தொடங்க முடியாது. அறிமுகமில்லாதவர் பெயரில் தொடங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

களவு போய்விடுமோ என்ற அவனுடைய பயத்துக்கும் ஒரு வார்த்தை. தாயத்தையும் ஆடுபுலி ஆட்டத்தையும் போலவே, ஆடும் முறைக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. ஆனால் அவன் வரைந்த படமும் எழுதிய விதிப்புத்தகமும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே அவனுடையவை. பெயரையும் இலச்சினையையும் வர்த்தகக் குறியாகப் பதிய விரும்பினால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பத்து வருடங்களுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். நாலு பேர் வாங்கிய பிறகு அதைச் செய்தால் போதும்.

படிப்பை விடக்கூடாது. பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, விண்ணப்ப முடிவுத் திகதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வரைவதில்தான் மனம் என்றால் மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தைப் பார்க்கலாம். விற்பதிலும் எழுதுவதிலும் நாட்டம் இருந்தால் நம் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தின் தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. இரண்டும் கிட்டாவிட்டால் வரைகலை வடிவமைப்பில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்குப் போகலாம். நேர்முகத்தில் "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்கும்போது, பெயரும் முகப்பும் விளக்கமும் ஒழுங்காக அமைந்த ஓர் ஆட்டத்தை அவன் எடுத்து மேசையில் வைக்க முடியும். என் மேசைக்கு வரும் பிள்ளைகளில் மிகச் சிலரிடமே அப்படி ஒன்று இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை பின்னேரம் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆக்குபவன் பெயருக்கு ஐந்து யோசனைகளை ஒரு தாளில் எழுதி வரட்டும். அவற்றை உங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவரிடமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மறுநாளும் அவர்கள் நினைவில் நிற்கும் பெயரைக் கோடிட்டு வையுங்கள். பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. அண்ணன் பிள்ளைகளில் பெரியவன் ஓர் அட்டையில் தேநீர் கொட்டிவிட்டான், மன்னிக்க வேண்டும். இரண்டு பேரும் இன்றிரவும் விளையாடக் கேட்கிறார்கள்.